நாட்டு மீன்னா எந்த ஆத்து மீன்?

ஆத்துல மீன்குஞ்சு விடுற விழா எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சிதான். ஆக்சிஜன் அடைச்ச பிளாஸ்டிக் பை நாலு, அதிகாரிங்க ரெண்டு பேரு, பையைச் சாய்க்கும்போது ஒரு போட்டோ. மறுநாள் பேப்பர்ல, இத்தனை லட்சம் நாட்டின மீன்குஞ்சு விட்டாச்சுன்னு செய்தி.

விடக்கூடாதுன்னு சொல்ல வரலைங்க. என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். நாட்டு மீன்னா எந்த ஆத்து மீன்?

கட்லா, ரோகு, மிர்கால் மூணும் இந்திய மீன்தான், சந்தேகமில்லை. ஆனா அதுங்க கங்கை மாதிரியான வடக்கத்தி ஆறுகளோட மீன். காவிரிக்கும் பாலாத்துக்கும் நாம கொண்டாந்து விட்டது. 1957ல ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரி ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வெச்சார். அதுக்கு முன்னாடி ஆத்துல அரிச்சுத்தான் குஞ்சு எடுக்கணும். அப்புறம் பண்ணையில வேணுங்கிற அளவுக்குப் பொரிக்க முடிஞ்சுது. எது சுலபமா கிடைக்குதோ அதையே எல்லாத் தண்ணியிலயும் விடுற பழக்கமும் கூடவே வந்துடுச்சு.

இதனால என்ன ஆகும்? காவிரியில ஆனதைப் பாருங்க. அங்க திமில் வெச்ச மஹசீர்னு ஒரு மீன். காவிரியையும் அதோட கிளை ஆறுகளையும் விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. 1946ல கபினியில தூண்டில்ல சிக்கின ஒண்ணு 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! 1970கள்ல ஆரம்பிச்சு, லோனாவாலா பண்ணையில பொரிச்ச நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளைக் காவிரியில விட்டாங்க. நல்ல எண்ணம்தான். அதுவும் மஹசீர், அதுவும் இந்திய மீன். வந்த மீன் பெருகுச்சு, சொந்தக்காரன் அருகிப்போச்சு. 1998லேர்ந்து 2012 வரைக்கும் தூண்டில்காரங்க குறிச்சு வெச்ச கணக்குல இது அப்பட்டமா தெரியுது. அந்தத் திமில் மீனுக்கு டோர் ரெமாதேவிங்கிற விஞ்ஞானப் பேரு உறுதியானதே 2018லதான். அதே வருஷம் அழிவின் விளிம்புல இருக்கிற பட்டியல்லயும் சேத்துட்டாங்க. பேரு வெச்ச கையோட பாடையும் கட்டுற கதை.

இப்போ நம்ம ஜவ்வாது மலைக்கு வருவோம். இங்க பெய்யுற மழையில ஒரு பங்கு செய்யாறு வழியா பாலாத்துக்குப் போகுது, இன்னொரு பங்கு மேற்கால இறங்கித் தென்பெண்ணைக்குப் போகுது. ஒரே மலை, ரெண்டு ஆறு. ஓடைங்க கோடையில நின்னுடும். அப்போ மீனுக்கு மிச்சம் இருக்கிறது மடுவும், பாறைக்குப் பின்னாடி ஒதுங்கின தண்ணியும்தான். அயிரை, ஆரால், கெளுத்தி, கல்லை ஒட்டிக்கிட்டே எதிர்நீச்சல் போடுற குட்டி மீன் எல்லாம் அடுத்த மழை வரைக்கும் அங்கதான் உயிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும். அந்த மடுவுல ஆயிரம் கட்லாக் குஞ்சைக் கொட்டினா யாருக்கு லாபம்? பெரிய ஏரியில மேலாப்புல மேயுற மீன் அது. அந்தக் குட்டையில தானும் வளராது, இருக்கிற கொஞ்சம் தீனியிலயும் பங்குக்கு வரும். 1952ல இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை புகுந்தா கேக்கவே வேணாம்.

அப்போ பண்ணைக் குஞ்சே வேணாமா? வேணும். முன்னெல்லாம் ஒரு வறட்சியில மலை ஓடை காலியானா, புதுவெள்ளத்துல கீழேர்ந்து மீன் ஏறி வரும். இப்போ அடிவாரத்துல செண்பகத்தோப்பு அணை, மிருகண்டா அணை. அதுக்குக் கீழ தடுப்பணைங்க. சுவர் ஏறி எந்த மீனும் வராது. மேல ஒரு இனம் அத்துப்போனா அத்துப்போனதுதான். நாம வழியை அடைச்சிருக்கோம், அதனால நாமதான் கொண்டுபோய் விடணும். ஆனா அதே ஓடையில தாய்மீன் பிடிச்சு, அதுல பொரிச்ச குஞ்சா இருக்கணும்.

இது கனவு இல்லைங்க. 2020ல வந்த மத்ஸ்ய சம்பதா திட்டத்துல ஆத்துல மீன் விடுறதுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. அந்தந்த ஆத்துத் தாய்மீன்லேர்ந்து பொரிச்சு விடணுங்கிறதுதான் அதோட அடிப்படையே. கேரளாவுல தங்களோட மஞ்சக்கூரியைப் பண்ணையில பொரிக்கிற முறையைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அயிரைக்கும் ஆராலுக்கும் நாம மெனக்கெட்டா என்னவாம்?

இன்னொண்ணு, மடு இருந்தாத்தான் மீன். மணலை அள்ளி மடுவைத் தூர்த்துட்டு, அதுமேல லட்சம் குஞ்சு விட்டாலும் அது கொக்குக்கு விருந்துதான். எத்தனை லட்சம் விட்டோம்னு எழுதுறதை விட்டுட்டு, அடுத்த சித்திரையில எத்தனை மடுவுல எத்தனை மீன் மிச்சம்னு எண்ணி எழுதட்டும். அந்தக் கணக்குதான் எனக்கு வேணும்.

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர் ஆத்துல, ஓடையில இருந்த மீன்களோட பேரை, ஊர்ல எப்படிச் சொல்வாங்களோ அப்படியே, பின்னூட்டத்துல எழுதுங்க. எந்த ஆத்துல எந்த மீன் இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே, எதைத் திரும்ப விடணும்னு நாம கேக்க முடியும்?