அடைப்புக்குறிக்குள் ஒரு சங்கம்

சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பெயரை முழுமையாக எழுதும்போது இறுதியில் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று ஆங்கில எழுத்துகள் வரும். அவற்றின் பொருள் என்னவென்று என் முதுகலை வகுப்பில் ஒருமுறை கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நன்கொடை தந்த ஏதோ ஒரு கம்பெனியின் பெயராக இருக்கலாம் என்றார் ஒரு மாணவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பாடம் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அந்த எழுத்துகள் குறிப்பது இந்திய மாதர் சங்கத்தை. அதைப் பற்றி இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நான் கேட்ட ஒரு கூற்று. "மேலைநாட்டுப் பெண்கள் சிறைக்குப் போய்ப் பெற்ற வாக்குரிமையை நம் பெண்கள் கேட்காமலே பெற்றுக்கொண்டார்கள்" என்றார் உரையாற்றிய அறிஞர். அரங்கம் தலையசைத்தது. இதே கூற்றைச் சிற்றிதழ்க் கட்டுரைகளிலும் மேடைகளிலும் நாம் பலமுறை சந்தித்திருக்கிறோம். அது பிழை. வெறும் தகவல் பிழை என்று தள்ளிவிடக்கூடியதும் அன்று.

1917-ஆம் ஆண்டு மே மாதம் அடையாற்றில் இச்சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ் ஆகியோர் அதன் தொடக்கத்தில் இருந்தவர்கள். இவர்களுள் கசின்ஸ், அயர்லாந்தில் பெண் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றுவிட்டு இந்தியாவுக்கு வந்தவர். ஆகவே 'அங்கே சிறை, இங்கே கொடை' என்ற பிரிவினை முதல் அடியிலேயே நொறுங்கிவிடுகிறது. அங்கே சிறை சென்ற அதே பெண்மணிதான் இங்கே மனு எழுதினார்.

அந்த மனுவின் கதை சுவையானது. அரசியல் சீர்திருத்தம் குறித்துக் கருத்தறிய இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு வந்திருந்த நேரம். பெண்கல்வி குறித்து அவரிடம் முறையிடவே கசின்ஸ் முதலில் அனுமதி கேட்டார். அரசியல் தொடர்பான கோரிக்கையுடன் வரும் குழுக்களை மட்டுமே சந்திக்க இயலும் என்று பதில் வந்தது. 'அப்படியானால் அரசியலையே கேட்கிறோம்' என்று முடிவாயிற்று. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் சென்ற தூதுக்குழு, ஆண்களுக்கு எந்த விதியின்படி வாக்குரிமை தரப்படுகிறதோ அதே விதியின்படி பெண்களுக்கும் வேண்டும் என்று கேட்டது. கல்விக்கென்று திறக்காத கதவை அரசியலின் பெயரால் தட்டிய இந்தச் சாமர்த்தியத்தையா 'கேட்காமலே பெற்றது' என்கிறோம்?

கேட்டவுடன் கிடைக்கவும் இல்லை. வாக்குரிமையை ஆராய வந்த சவுத்பரோ குழு, பர்தா முதலிய சமூக வழக்கங்களைக் காரணம் காட்டிக் கையை விரித்துவிட்டது. 1919-இல் சரோஜினி நாயுடுவும் அன்னி பெசன்டும், பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டாவும் அவருடைய மகள் மிதனும் இலண்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் தங்கள் தரப்பை எடுத்துரைத்தார்கள். அதன் பிறகும் அவ்வாண்டின் சட்டம் நேரடியாக உரிமை தரவில்லை. முடிவை அந்தந்த மாகாணச் சட்டமன்றங்களின் தலையில் கட்டிவிட்டது. அதனால் மாகாணந்தோறும் தனித்தனியே கேட்க வேண்டியதாயிற்று. 1921-இல் சென்னை மாகாணம் முதலில் கதவைத் திறந்தது. அதற்குரிய பெருமை அன்றைய நீதிக்கட்சி ஆட்சிக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களை நினைவில் வைத்திருக்கும் நாம், அத்தீர்மானம் வரும்வரை கூட்டம் போட்டுக் கடிதம் எழுதிக் கதவு கதவாகத் தட்டியவர்களை மறந்துவிட்டோம்.

இந்த மறதிக்கு ஒரு காரணம் 'தொண்டு' என்ற சொல்லாக இருக்கலாம் என்பது என் எண்ணம். மாதர் சங்கம் என்றதும் நமக்குத் தையல் வகுப்பும் பால் விநியோகமும் ஏழைப் பெண்களுக்கு அன்பளிப்புமே நினைவுக்கு வருகின்றன. அவற்றையும் அவர்கள் செய்தார்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் அதே கைகள்தான் 1918 முதல் 1936 வரை 'ஸ்திரீ தர்மம்' என்ற இதழை நடத்தின. ஆங்கிலத்தோடு இந்திய மொழிப் பகுதிகளும் அதில் இருந்தன. தமிழும் அவற்றுள் ஒன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்ததும் இச்சங்கத்தின் முயற்சியாலேயே. அங்கே துணைத் தலைவராகவும் ஆன அவர், 1930-இல் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த அவர் இச்சங்கத்தின் வழியாக நிதி திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறந்தார். சட்டமன்றத்தில் வாதிட்டவரும் மருத்துவமனைக்கு நிதி திரட்டியவரும் ஒருவரே. தொண்டு வேறு, உரிமைப் போர் வேறு என்று கோடு கிழிப்பது நம்முடைய வசதிக்காகத்தான்.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். 1921-இன் வாக்குரிமை சொத்துடையவர்களுக்கே கிட்டியது; உழைக்கும் பெண் அதற்கு வெளியேதான் நின்றாள். சங்கத்தின் தலைமை பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற, உயர்குடிப் பெண்களின் கையில் இருந்தது. தேவதாசி முறை ஒழிப்பில் இச்சிக்கல் வெளிப்படையாகவே தெரிந்தது. கோயில் பணி என்ற கட்டிலிருந்து மானிய நிலங்களை விடுவித்து அவற்றை அப்பெண்களுக்கே உரியதாக்கிய 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் நுட்பமான சட்ட வேலை. ஆனால் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் மசோதாவைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் எதிர்த்தபோது, அவர்கள் குரலுக்குச் சீர்திருத்தவாதிகள் எவ்வளவு செவி கொடுத்தார்கள் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதே மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் உறுதியாக நின்று 1936-இல் நாவலே எழுதினார் என்பதும் வரலாறு. சட்டம் நிறைவேற 1947 வரை ஆயிற்று. இந்த முரண்களையெல்லாம் படிக்க வேண்டும், விவாதிக்க வேண்டும் என்பதே என் தரப்பு. குறை இருக்கிறது என்று காட்டிப் பாடத்தையே கிழித்தெறிவது விமர்சனம் ஆகாது, அது சோம்பல்.

இதில் இலக்கிய வாசகருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தமிழ் உரைநடையின் வரலாற்றை நாம் நாவல், சிறுகதை, கட்டுரை என்றே எழுதிப் பழகிவிட்டோம். மனு, தீர்மானம், ஆண்டறிக்கை, சங்க இதழின் தலையங்கம் ஆகியவை நம் கணக்கில் உரைநடையே அல்ல. பெண்ணெழுத்து என்ற தாளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கவிதைத் தொகுப்புகளின் பெயர்கள் மட்டுமே முன்மொழியப்படும். ஒரு பெண் அரசை நோக்கி, தன் பெயரில் அல்லாமல் 'நாங்கள்' என்று எழுதத் தொடங்கிய தருணம் மொழியில் ஒரு பெரிய நிகழ்வு. அதைப் பாடமாக வைக்க நமக்குத் தோன்றவில்லை.

எங்கள் கல்லூரியில் படிக்கும் மாணவியருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். உரிமைகள் மேலிருந்து கருணையாக விழுந்தன என்று நாம் அவர்களுக்குச் சொன்னால், அடுத்த உரிமைக்கும் மேலே பார்த்துக் காத்திருக்கத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள். 2023-இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறை என்று தனக்குத்தானே தவணை எழுதிக்கொண்டு வந்தது. தவணைக்காரரிடம் எப்படிக் கேட்பது என்பதை நூறாண்டுக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் இந்தச் சங்கத்தினர்.

அடுத்த முறை அந்த அறிஞர் அதே வாக்கியத்தைச் சொல்லும்போது அரங்கில் ஒரு மாணவியாவது எழுந்து, "ஐயா, கேட்டார்கள். பலமுறை கேட்டார்கள்" என்று சொல்ல வேண்டும். அதற்கு வேண்டியதைக் கற்பிப்பது எங்கள் வேலை. இதுவரை நாங்கள் அதைச் செய்யவில்லை.