கண்ணாடியை நம்பலாமா?

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இக்காலத்து இல்லங்கள் சிலவற்றில், தாத்தாவின் இரும்புப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி வீற்றிருக்கிறது. பத்திரங்களின் நகல், குழந்தையின் ஆண்டு நிறைவுப் படம், மறைந்த பாட்டியின் குரல் எல்லாம் அதற்குள்ளே அடக்கம். பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள் உண்டு. ஒன்றில் எழுதுவது அக்கணமே மற்றதிலும் பதியும். ஆகவே இதைக் கண்ணாடி முறை என்கிறார்கள். 1988-ல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்னும் மூவர் இத்தகைய ஏற்பாடுகளை வகைப்படுத்தி 'ரெய்டு' என்று நாமகரணம் செய்தார்கள். அவற்றுள் கண்ணாடி முறையே முதல் வகை.

இரண்டில் ஒன்று உயிரை விட்டால் என் செய்வது? பெட்டி வழக்கம்போல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் எஞ்சிய டிஸ்க் இப்போது ஒற்றைப் பிள்ளை. ரிச்சித் தெருவுக்கு ஓடிப் புதியது வாங்கிச் செருகுவது முதற் காரியமல்ல. எஞ்சியதில் உள்ளவற்றைத் தனியான வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுப்பதே முதற் காரியம். பாட்டியின் குரல் முதலிலே, சினிமாப் படங்கள் கடைசியிலே. இரண்டும் ஒரே நாளில் வாங்கிய இரட்டையர் அல்லவா? புதியதை நிரப்புவதற்குப் பல மணி நேரம் உழைக்கையில் இளையதும் மூத்ததன் வழியே போய்விடக்கூடும்.

பிறகு, மாண்டது எது என்பதை மேலே ஒட்டியுள்ள வரிசை எண்ணைக் கொண்டு நிச்சயித்துக் கழற்றவேண்டும். புதியது கொள்ளளவில் பழையதற்குக் குறையலாகாது. பிரதி பழையதிலிருந்து புதியதற்குப் போகிறதா என்று இருமுறை பார்க்கவேண்டும். திசை மாறினால் வெற்றேடு வந்து நிறைந்த ஏட்டை அழித்துவிடும்!

இவ்வளவும் செய்து முடித்தபின் நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது என்பதே நம் அபிப்பிராயம். முகத்தில் கரி பூசிக்கொண்டால் கண்ணாடியும் கரிமுகத்தையே காட்டும். ஒரு படத்தைத் தவறி அழித்தால் இரண்டிலும் ஒருசேர அழிகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்து வீடுகளில் புகுந்ததே, அத்தகைய வெள்ளத்துக்கு முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க் என்ற பேதம் ஏது?

நம் முன்னோர் சுவடிகளைப் பெயர்த்தெழுதி வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்தார்கள். ஓரூர்ச் சுவடியில் செல்லரித்துப்போன அடியை வேறோர் ஊர்ச் சுவடியிலே கண்டெடுத்து, உ.வே.சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். 1887-ல் சீவக சிந்தாமணி அவ்வாறே வெளிவந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1943-ல் நிறுவப்பெற்ற நூல் நிலையம் அவர் சேர்த்த சுவடிகளைப் பெஸன்ட் நகரிலே பேணி வருகிறது. ஒரே வீட்டு அலமாரியில் அத்தனை சுவடியும் இருந்து, அந்த அலமாரிக்கே கறையான் வந்திருந்தால் தமிழ்நாட்டின் கதி என்ன?

ஆதலால் நேயர்களே, கண்ணாடிப் பெட்டி வீட்டிலே இருக்கட்டும். அதனோடு சேராத மற்றொரு பிரதி, மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் அக்கா வீட்டுப் பீரோவுக்குப் போகட்டும். வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்குப் போகும்போது அதைத் திறந்து, படங்கள் தெரிகின்றனவா, பாட்டியின் குரல் கேட்கிறதா என்று பார்த்துப் புதியவற்றையும் சேர்த்துவிட்டு வாருங்கள்.