ரத்னவேலுவுக்கு எந்தச் சாதி?

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் விடுதிகளிலும், நாலைந்து பேர் சேர்ந்து வாடகை கட்டும் அறைகளிலும் தங்கிப் படிக்கும் பையன்களோடு பேசிப் பாருங்கள். சினிமாப் பேச்சு எடுத்தால் ‘மாமன்னன்’ வராமல் போகாது. ஆனால் பேசுவது மாமன்னனைப் பற்றி இருக்காது, ரத்னவேலுவைப் பற்றித்தான் இருக்கும். என் அக்கா மகன் பெருங்களத்தூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறான். “கெட்டவன்தான் மாமா, ஒத்துக்கறேன். ஆனா அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்குல்ல?” என்று என்னிடமே கேட்டான். நம் வீட்டுப் பிள்ளையே இப்படிக் கேட்கும்போது, வெறும் சினிமாப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை.

மாரி செல்வராஜ் இயக்கிய அந்தப் படம் 2023 ஜூன் 29 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. தனித்தொகுதி எம்.எல்.ஏ. மாமன்னனாக வடிவேலு, மகன் அதிவீரனாக உதயநிதி ஸ்டாலின், எதிரில் ரத்னவேலுவாக ஃபகத் ஃபாசில். ஜூலை கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. ரத்னவேலு நடந்து வருவது, முறைப்பது, சிரிப்பது என்று துண்டு துண்டாக வெட்டி, பின்னணியில் தங்கள் சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி, ‘எடிட்’ வீடியோக்களைக் குவித்தார்கள். படத்தின் நாயகனே ரத்னவேலுதான் என்று எழுதினார்கள். சாதிக்கு எதிராக எடுத்த படத்தின் வில்லனைச் சாதிப் பெருமைக்காரர்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

அவனுடைய உண்மையான நோக்கம் என்ன என்று ரசிகர்கள் சொல்லும் விளக்கங்கள் பலவிதம். அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்றப் போராடும் மகன் என்கிறது ஒரு கூட்டம். சகோதரனின் பயிற்சி மையத் தொழிலுக்குப் போட்டி வந்ததால் வந்த கோபம், இதில் சாதி எங்கே வந்தது என்கிறது இன்னொன்று. கட்சி அவனைக் கைவிட்டது, அந்த வலிதான் எல்லாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பந்தயத்தில் தோற்ற தன் நாயை அவன் அடித்தே கொல்வதைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார்கள். அப்போது சகோதரனும் இல்லை, பயிற்சி மையமும் இல்லை, கட்சியும் இன்னும் அவனைக் கைவிடவில்லை. தன்னுடையது தோற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பாவின் கௌரவம் என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அந்த அப்பா காலத்தில்தான், கோயில் கிணற்றில் குளித்ததற்காகச் சிறுவர்கள் கல்லெறிந்து கொல்லப்படுகிறார்கள். நியாயம் கேட்டுப் போன மாமன்னனின் வாயை அடைத்து அனுப்பியவர் அவர்தான். அந்தக் கௌரவத்தைத்தான் மகன் காப்பாற்றுகிறான்.

இத்தனை ஆராய்ச்சியும் தேவையே இல்லை. நோக்கத்தை ரத்னவேலுவே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அவன் வீட்டுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் மகன் உட்கார்ந்திருக்க, சட்டமன்ற உறுப்பினரான அப்பா நிற்கிறார். ஏன் நிற்கிறீர்கள் என்று மகன் கேட்டதும் வீடே ரணகளமாகிறது. மகனை உட்காரச் சொன்னது தன் அரசியல், அப்பனை நிற்க வைத்தது தன் அடையாளம் என்ற பொருளில் அவனே பேசுகிறான். இதைவிட வெளிப்படையாக ஒரு வில்லன் பேசிவிட முடியாது. ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடரில், போதைப்பொருள் காய்ச்சும் வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட் ஐந்து சீசன்களாகக் குடும்பத்துக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, எனக்காகத்தான் செய்தேன் என்று கடைசி அத்தியாயத்தில் ஒப்புக்கொள்வான். உலகம் முழுக்க ரசிகர்கள் அவனுக்காக வாதாடினார்கள். அவனாவது கடைசிவரை மறைத்தான். நம் ஆள் பாதிப் படத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறான், ரசிகர்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாற்காலிக்காகவா இவ்வளவு என்று கேட்கும் மாணவர்களுக்காகச் சில விஷயங்கள். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996-க்குப் பிறகு பத்து ஆண்டுகள் முறையான தேர்தல் நடத்த முடியவில்லை, 2006-ல்தான் நடந்தது. பழைய கதை என்பீர்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு படம் வெளியே வந்தது. ஊராட்சி மன்றக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பட்டியல் சமூகத் தலைவர், ஒரு பெண், தரையில். படம் வெளிவந்த பிறகே வழக்குப் பதிவானது. அந்தக் கூட்டத்தில் ரத்னவேலு மாதிரி மீசையை முறுக்கியவர் யாரும் இருந்திருக்க வேண்டியதில்லை. சாதாரணமாக, தேநீர் குடித்துக்கொண்டே செய்யக்கூடிய வேலைதான் அது.

எனக்கு மிகவும் உறுத்துவது இன்னொன்று. படத்தில் ரத்னவேலு என்ன சாதி என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் விட்டதால் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சாதிகளைச் சேர்ந்த இளைஞர்கள் எல்லாம், அவன் எங்க ஆளு என்று தங்கள் பாட்டைப் போட்டு வீடியோ வெளியிட்டார்கள். கும்பிடும் சாமி வேறு, போற்றும் தலைவர் வேறு, மாவட்டம் வேறு. எதை வைத்து அவனை உறவினன் என்று கண்டுகொண்டார்கள்? ஒருவரை உட்கார விடமாட்டான் என்ற ஒரே ஒரு குணத்தை வைத்துத்தான். சாதி என்பது படிக்கட்டு முறையிலான ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் விளக்கினார். மேலே இருப்பவன் மீது எத்தனை கோபம் இருந்தாலும், கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலில் ஒவ்வொருவனும் அந்தப் படியைக் காத்துக்கொள்வான் என்பது அதன் சாரம். அதற்கு இவ்வளவு பொருத்தமான செய்முறை விளக்கத்தை இந்த ரசிகர்கள் தாங்களாகவே நடத்திக் காட்டிவிட்டார்கள். ரத்னவேலுவின் நோக்கத்தைவிட அவர்களுடைய நோக்கம்தான் ஆராயத்தக்கது.

இயக்குநர் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. ஃபகத் ஃபாசில் அபாரமான நடிகர். அவர் முகத்துக்கு அத்தனை நெருக்கமாகக் கேமராவைக் கொண்டுபோனால் பார்வையாளன் அவரோடு போய்விடுவான். அதிவீரன் பாத்திரத்துக்கு அந்த அளவு ஆழம் கிடைக்கவில்லை. கத்தரித்து எடுக்க வசதியான காட்சிகள் வில்லனிடம்தான் நிறைய இருந்தன. ஆனால் அதனால் மட்டும் சாதிப்பாட்டு வந்து ஒட்டிக்கொள்ளாது. 1992-ல் வந்த ‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலு நடித்த இசக்கி, முதலாளி வீட்டுப் பிள்ளைக்காகக் கோயில் பூட்டை உடைத்துக் கையை இழப்பான். அந்த இசக்கிதான் தன் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் பாடல் வெளியீட்டு விழாவில் கமல்ஹாசன் முன்னாலேயே பேசினார். முப்பது ஆண்டுகளாக இசக்கியைப் பார்த்து உச்சுக்கொட்டிய தமிழ்நாடு, அவன் எம்.எல்.ஏ. ஆகி வந்து நின்றதும் மறுபக்கம் போய் நின்றுகொண்டது.

நெட்ஃபிளிக்ஸில் படம் வந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். வீடியோவைப் பார்த்துதான் வெட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. படம் வருவதற்கு முன்பும் அந்தப் பள்ளிகளில் கையில் வண்ணக் கயிறு இருந்தது. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதியைக் காட்டும் அடையாளங்களுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கைகள், பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது என்று பலவற்றைப் பரிந்துரைத்தது. இருக்கை என்ற சொல் அதிலும் வருகிறது, கவனியுங்கள்.

இதெல்லாம் தெற்கே நடப்பது, தாம்பரத்தில் யார் சாதி பார்க்கிறார்கள் என்று நினைப்பவர்கள், முடிச்சூரிலோ சேலையூரிலோ வாடகைக்கு வீடு கேட்டுப் போய்ப் பாருங்கள். ‘சொந்த ஊர் எது’ என்பது ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வியா என்பது இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் சுற்றியுள்ள பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் மாநகராட்சி அமைத்தபோது, அதன் முதல் மேயர் பதவி பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாட்களில் சில தேநீர்க் கடைகளில் பேசியதைக் கேட்டவர்களுக்கு, ரத்னவேலு சேலம் பக்கத்து ஆள் மட்டும் இல்லை என்பது தெரியும்.

என் மருமகனிடம் கடைசிக் காட்சியைப் பற்றி யாராவது பேசினார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். தேர்தலில் ரத்னவேலு தோற்கிறான், மாமன்னன் சட்டப்பேரவைத் தலைவர் ஆகிறார். இது கற்பனைக்கு எட்டாத முடிவு ஒன்றும் இல்லை. 1937-ல் சென்னையின் மேயரான ஜெ.சிவசண்முகம் பிள்ளை பட்டியல் சமூகத்தவர், 1946 முதல் 1955 வரை பேரவைத் தலைவராக இருந்தார். அந்தச் சமூகத்திலிருந்தே வந்த ப.தனபால் 2012 முதல் 2021 வரை அதே நாற்காலியில் இருந்தார். பேரவைத் தலைவர் அவைக்குள் வரும்போது முதலமைச்சர் உட்பட எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம்.