பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

லினக்ஸ் போட்டால் சார்ஜ் நிற்காது என்ற அபிப்பிராயம், கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்து வீதிகளிலும், கணினி பழுதுபார்ப்போரிடையே மட்டுமின்றிப் படித்தவர்களிடையேயும் மறுக்க முடியாத உண்மையாக வழங்கி வருகிறது. மாணவன் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்த மாத்திரத்தில், பாட்டரியின் வயதென்ன, எந்தச் சாதனம் சக்தியை விரயம் செய்கிறது என்று பரிசோதித்தும் பாராமல், லினக்ஸை அழித்துவிட்டு விலை கொடுத்து வாங்காத விண்டோஸ் பிரதியொன்றை ஏற்றி அனுப்புவதே பரிகாரம் என்றாகிவிட்டது. இந்த நம்பிக்கை நிரபராதியைத் தண்டித்து, குற்றவாளியைத் தப்பவிடுகிறது என்பதே என் வாதம்.

நம் ஜில்லாவில் இந்த அபவாதம் வேரூன்றியதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து வழங்கிய கணினிகளில், விண்டோஸுடன் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து மின்கம்பங்களைச் சாய்த்துப் போட, தொடர்ந்து வந்த 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு, நெய்வேலி அனல் மின் நிலையங்களைத் தன்னகத்தே கொண்ட இதே ஜில்லாவையும் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் வைக்க, பாட்டரியில் எஞ்சிய சார்ஜே மாணவனுக்குப் படிப்பு என்றிருந்த காலம் அது. அதைக் கொள்ளையடித்தது யார் என்று கேட்டபோது, பழக்கமில்லாத புதியவனான லினக்ஸ்மீது விரல் நீண்டது.

உண்மைக் காரணம் வேறு. மடிக்கணினியை எப்படி உறங்கச் செய்ய வேண்டும், எந்த உறுப்பை எப்படி அணைக்க வேண்டும் என்பதையெல்லாம் இயங்குதளத்துக்கு எடுத்துரைக்கும் ஏசிபிஐ என்ற பொதுவிதியை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1996இல் வெளியிட்டன. அவ்விதிப்படி கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ், தன்மேல் இயங்குவது எந்த இயங்குதளம் என்று வினவ முடியும். உற்பத்தியாளர் பலர் விண்டோஸை மட்டுமே வைத்துப் பரிசோதித்து, மற்றப் பாதைகளைப் பழுதாகவே விட்டுவிட்டதால், லினக்ஸ் தன் சொந்தப் பெயரைச் சொல்லாமல் விண்டோஸின் பெயர்களுக்கே ‘ஆம்’ என்று விடையளிக்க வேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்தது. இந்த ஏசிபிஐ நீட்டிப்புகளை விண்டோஸுக்கு மட்டுமே உரியனவாகச் செய்ய முடியாதா என்று பில் கேட்ஸ் 1999 ஜனவரியில் தம் சகாக்களுக்கு எழுதிய கடிதம், பின்னர் அமெரிக்காவின் ஐயோவா மாநில வழக்கொன்றில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த விருப்பம் நிறைவேறியதோ இல்லையோ, மின்சிக்கனம் என்பது வியாபாரப் போட்டிக்கும் உரிய விஷயம் என்பதை அக்கடிதம் தெளிவாக்குகிறது.

லினக்ஸ் இதில் அசட்டையாக இருந்ததென்பதும் பொய். வேலையில்லாத வேளையிலும் செயலியை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை எழுப்பிக்கொண்டிருந்த பழக்கத்தை 2007லேயே அது கைவிடத் தொடங்கியது. வட்டு இணைப்பின் மின்சிக்கனத்தை, சில வட்டுகளில் தரவு கெடக்கூடும் என்ற அச்சத்தால் நெடுங்காலம் நிறுத்தி வைத்திருந்து, 2018இல் பாதுகாப்பான முறையைக் கண்டு புகுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அபவாதத்தைச் சொல்பவரின் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைபேசியில் இயங்குவதும் லினக்ஸ் கருநிரலே. அங்கே நாள் முழுவதும் சார்ஜ் நிற்பதும் இங்கே நில்லாமற்போவதும் எதனால்? அங்கே சாதனத்தைச் செய்தவரே அதற்குரிய டிரைவரையும் எழுதி, உறங்கச் செய்யும் பொறுப்பையும் ஏற்கிறார். இங்கே அவர் விண்டோஸோடு தம் கடமை முடிந்ததென்று ஒதுங்கிக்கொள்கிறார்.

காரணம் எதுவாயினும் எனக்கு மூன்று மணி நேரம் சார்ஜ் நிற்க வேண்டும் என்று மாணவன் கேட்பது நியாயமே. பல கணினிகளில் லினக்ஸை நிறுவியபடியே விட்டால் சார்ஜ் விரைவில் இறங்கியதும், மூடியை மூடியபின் கணினி விழிக்க மறுத்ததும் மெய்தான். ஆயினும் பவர்டாப் என்ற இலவச நிரலை ஓட்டினால், செயலியை ஓயாமல் எழுப்பும் நிரல் எது, மின்சிக்கனம் அமைக்கப்படாத உறுப்பு எது என்று வரிசையாகக் காட்டும். டிஎல்பி என்ற மற்றொன்று அந்த அமைப்புகளைத் தானே திருத்தும். பாட்டரி புதிதாயிருந்தபோது கொண்ட கொள்ளளவையும் இன்று கொள்ளும் அளவையும் லினக்ஸே அருகருகே எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவது எண் முதலாவதில் பாதியாகத் தேய்ந்திருந்தால், எந்த இயங்குதளத்தை மாற்றியும் பயனில்லை. இவ்வளவையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

கல்லூரி மாணவர் இருபது லட்சம் பேருக்குக் கணினி வழங்குவதாகத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மூடியை மூடினால் உறங்கி, திறந்தால் விழித்து, லினக்ஸிலும் விண்டோஸுக்கு ஈடாகச் சார்ஜ் நிற்கும் என்பதை நிரூபித்துக் காட்டும் கணினியையே வாங்குவோம் என்று கொள்முதல் நிபந்தனையில் ஒரு வரி சேர்ப்பதும், அப்பரிசோதனையை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற கல்விக்கூடங்களில் மாணவரைக் கொண்டே நடத்துவதும் அசாத்தியமல்ல. இலட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் உற்பத்தியாளர் செவிசாய்ப்பார். கேட்க வேண்டியவரிடம் கேளாமல், எவருக்கும் விலையின்றி உழைத்துக் கொடுத்தவர்களைப் பழிப்பது அறமாகாது.