நீச்சற் பந்தயமும் நகைச்சுவையும்

விளையாட்டு என்னுஞ் சொல்லிலேயே மகிழ்ச்சி பொதிந்து கிடக்கின்றது. ஆயினும், இந்நாளிலே நீச்சற் பந்தயச் செய்திகளைப் படிப்போர், அம்மகிழ்ச்சி எங்கே ஒளிந்ததென ஐயுறவே நேர்கின்றது. வென்றவர் யாவர், எத்தனை விநாடியில் வென்றார், பழைய அளவினின்று விநாடியின் நூற்றிலொரு கூறு குறைந்ததோ இல்லையோ என்னும் கணக்கே யாண்டுங் காணப்படும். அக்கணக்கின் இடையிடையே வரும் வேடிக்கைச் செய்திகளைச் சிலர் பதரெனத் தள்ளுவர். அவை பதரல்ல, மணியே என்பது எமது கருத்து.

முதல் ஒலிம்பிக் நீச்சல் வீரரை நோக்குவோம். 1896ஆம் ஆண்டில் ஆதென்ஸ் நகரிலே ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ்ந்தபொழுது, நீச்சலுக்கெனக் குளம் ஏதும் இருந்ததில்லை. பிரேயஸ் துறைமுகத்தை அடுத்த கடலிலேயே வீரர் நீந்தினர். ஹங்கேரி தேசத்து மாணவர் ஆல்பிரெட் ஹாயோஷ், குளிருக்கு அஞ்சி உடலெங்கும் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கி, 100 மீட்டரிலும் 1200 மீட்டரிலும் முதன்மை பெற்றார். இத்துணை நன்றாக நீந்த எங்கே கற்றீர் என்று கிரேக்க இளவரசர் வினவ, "நீரிலே" என விடையிறுத்தாராம். அவர் தம் கல்லூரிக்கு மீண்டபொழுது அதன் தலைவர், நும் பதக்கங்களைப் பற்றி எமக்குக் கவலையில்லை, அடுத்த தேர்வில் நீர் கூறும் விடைகளைக் கேட்கவே ஆவலாயுள்ளோம் என்றனராம். மாணவர்காள்! கல்லூரித் தலைவர்கள் எத்தேசத்தும் ஒரு தன்மையரே. ஹாயோஷும் அச்சொல்லை வீணாக்கினாரல்லர். அவர் சிறந்த கட்டடக் கலைஞராகி, புடாபெஸ்ட் நகரில் மார்கரெட் தீவின்கண் ஒரு நீச்சல் மாளிகையை அமைத்தார். 1930இல் எழுந்த அது இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. முதல் வெற்றியாளர் கடலிலே நடுங்கினார். பின் வந்தோர் நடுங்காதிருக்கக் குளமும் கண்டார்.

1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரில், பிரான்ஸ் நாட்டு ழான் புவாத்தோ 400 மீட்டர் பந்தயத்தில் வென்றவுடன், அவர்தம் தந்தையார் உடுத்த உடையோடும் தலைக் குல்லாயோடும் குளத்திற் குதித்து மைந்தனைத் தழுவிக்கொண்டார். அவ்வாண்டின் நேரக் கணக்கை இன்று நினைப்பார் சிலர். நனைந்த அத்தந்தையை மறந்தார் அரியர். 2024இல் பாரிஸ் நகரிலே, ஒரு நங்கையின் நீச்சற் குல்லாய் குளத்தின் அடியிற் கிடக்க, பூவேலை செய்த குறுங்காற்சட்டை அணிந்த பணியாள் ஒருவர் பாய்ந்து அதனை எடுத்தார். வென்றோர்க்குரிய ஆரவாரம் அவருக்கும் கிடைத்தது. உழைப்பவன் எவனாயினும் அவனைக் கண்டு மகிழும் உள்ளம் மக்கட்கு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, அளவுகோலின் பெருமையைச் சிறிது ஆராய்வோம். 1972இல் மியூனிக் நகரில் நிகழ்ந்த 400 மீட்டர் கலப்பு நீச்சலில், சுவீடன் நாட்டுக் குன்னார் லார்சன் அமெரிக்கராகிய டிம் மெக்கீயை விநாடியின் ஆயிரத்தில் இரண்டு கூறினால் வென்றார். அந்நேரத்தில் அவர்கள் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். குளத்துச் சுவரிற் கொத்தன் பூசிய சாந்தின் ஏற்றத்தாழ்வே இதனினும் மிகுதியாகலாம் அன்றோ! ஆகவே பின்னர் நூற்றிலொரு கூறோடு கணக்கை நிறுத்தினர். அதன் பயனாக, 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மங்கையர் 100 மீட்டரில் இருவர் பொற்பதக்கம் பெற்றனர். 2016இல் ரியோ நகரில் ஆடவர் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மூவர் ஒருங்கே வெள்ளிப் பதக்கம் பெற்றனர். ஓர் எல்லைக்கு அப்பால் மனிதரைப் பிரித்தல் தகாதென அளவுகோலே ஒப்புக்கொண்டது.

இக்கருத்தை மனத்திற்கொண்டு 2000ஆம் ஆண்டின் சிட்னி நகருக்குச் செல்வோம். ஆப்பிரிக்காவிலுள்ள எக்குவடோரியல் கினி என்னும் சிறு நாட்டினின்று எரிக் முசாம்பானி வந்தார். நீந்தக் கற்று ஓராண்டும் நிரம்பவில்லை. 50 மீட்டர் நீளக் குளத்தை அதற்குமுன் அவர் கண்டதுமில்லை. உடன் நீந்தவேண்டிய இருவரும் குறிகாட்டுமுன் பாய்ந்து விலக்கப்படவே, தனியொருவராய் 100 மீட்டரை நீந்தினார். ஆனது 1 நிமிடம் 52.72 விநாடி, அப்பந்தயத்தின் இறுதியில் வென்றவர் கொண்டதோ 48.30 விநாடியே. கரை சேர்வாரோ என அஞ்சுமளவிற்குக் கைசோர்ந்தார். நகைத்த கூட்டமே எழுந்து நின்று அவரை ஊக்கிற்று.

உலகப் பந்தயம் சிறந்தோர்க்கே உரியது, இத்தகையோரை அனுமதித்தல் அதற்கு இழுக்கு என்று அப்பொழுதே சிலர் வாதித்தனர். அவ்வாதத்தில் ஒரு பகுதி நேரியதே. நீரிற் பழகாதவரை ஆழக் குளத்தில் இறக்குதல் ஆபத்தாகும். ஆயினும், அதற்கு மருந்து கதவை அடைத்தலன்று; குளம் வெட்டுதலும், ஆசிரியரை அனுப்புதலுமேயாம். தகுதி அளவை எட்டும் வீரர் இல்லாத சிறு நாடுகட்கு ஓரிடம் அளிக்கும் வழக்கத்தால் எந்த வெற்றியாளரும் தம் பதக்கத்தை இழந்ததில்லை. முசாம்பானியோ நீச்சலை விட்டாரல்லர். 2012இல் தம் நாட்டு நீச்சற் குழுவிற்கே பயிற்சியாளரானார். மூடிய கதவினின்று இத்தகைய ஆசிரியர் தோன்றுவரோ?

நகை இருவகைத்து. வீழ்ந்தவனைக் கண்டு எள்ளி நகைத்தல் ஒன்று. அவன் எழுங்கால் உடன் மகிழ்ந்து நகைத்தல் மற்றொன்று. முன்னது விளையாட்டைக் கெடுக்கும். பின்னது அதனை வாழ்விக்கும். ஆதலின், பந்தய நாட்களிற் கரையில் நிற்கும் மாணவர் முதல்வனுக்குக் கைதட்டியவுடன் கலைந்து செல்லற்க. கடைசியில் வருபவன் சுவரைத் தொடும்வரை நின்று, அவனுக்கும் கைதட்டுக.