கரி இடுமுன் மண்ணைச் சோதியுங்கள்

மண்ணூர்பேட்டையின் பெயரில் இன்றும் மண் இருக்கிறது. உழுவதற்கு அங்கே நிலம் மிச்சமில்லை என்றே சொல்லலாம். பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளை நம்பியிருந்த வயல்கள் தொழிற்கூடங்களாகவும் மனைகளாகவும் மாறின. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. போன மண் திரும்பாது. ஆவடி, பூந்தமல்லிக்கு அப்பால் நெல்லும் கீரையும் பயிரிடும் சிறு விவசாயிகள் இருக்கும் மண்ணையாவது காக்க வேண்டும்.

இதற்கு நல்ல வழி என்று இப்போது 'பயோசார்' எனும் உயிரிக்கரி பேசப்படுகிறது. மூங்கில், உமி, சீமைக் கருவேல் போன்றவற்றைக் காற்று அதிகம் படாமல் கருக்கினால் கிடைப்பது இது. தொழு உரம் சில பருவங்களில் மக்கிவிடும். கரியோ மண்ணில் நெடுங்காலம் தங்கும். அதன் நுண்துளைகள் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். மணற்பாங்கான நிலத்துக்கு இது நல்லதே.

ஆனால் எல்லா நிலத்துக்கும் ஒரே பலன் இல்லை. 2017-ல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு ஒன்றில், வெப்ப நாடுகளில் மகசூல் சராசரியாக 25 சதவிகிதம் உயர்ந்தது. குளிர்ச்சியான நாடுகளில் உயரவில்லை. வெப்ப நாடுகளின் மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மையும் சத்துக் குறைவும் உள்ளது. கரியில் காரத்தன்மை இருப்பதால் அங்கே பலன் தெரிந்தது. ஏற்கெனவே களர் தட்டிய நிலத்தில் கரி இட்டால் காரம் கூடும். ஆகவே முதல் செலவு மண் பரிசோதனைக்கே. கார அமில நிலை 8-க்கு மேல் இருந்தால் கரி வேண்டாம்.

அளவையும் கணக்கிட வேண்டும். ஏக்கருக்கு 2 டன் கரி வேண்டுமென்றால், சுமார் 8 டன் காய்ந்த கட்டை தேவை. அதை விலைக்கு வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. கடனுக்கு மூட்டை வாங்கி வயல் முழுவதும் இடுவது வீண். நாற்றங்காலுக்கும் காய்கறிக் குழிகளுக்கும் மட்டும் இடுவதே சரி.

கரியை வீட்டிலேயே செய்யலாம். நான்கடி அகலம், மூன்றடி ஆழத்தில் வாய் அகன்ற குழி வெட்டி, காய்ந்த கழிவைச் சிறிது சிறிதாகப் போட்டு எரிக்க வேண்டும். மேலே சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாக விட்டால் கரி கிடைக்காது. வெறும் கரி பயிரின் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். எனவே ஒரு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு தொழு உரம் சேர்த்து, மாட்டுக் கோமியம் தெளித்து, இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு இடவேண்டும்.

வரப்போரம் மூங்கிலும் நடலாம். 2017-ல் மத்திய வனச் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 'மரம்' என்ற பட்டியலிலிருந்து நீங்கியது. நல்ல கழியை விற்றுவிட்டு, நுனியையும் கிளையையும் கரியாக்கலாம்.

அரசும் மூட்டைக்கு மானியம் தருவதை விட, ஊராட்சி ஒன்றியந்தோறும் மண் பரிசோதனைக்கும் கரி செய்முறைப் பயிற்சிக்கும் வழி செய்வதே மேல். விவசாயிகள் முதலில் 5 சென்டில் இட்டுப் பார்த்து, இடாத 5 சென்டோடு ஒரு போகம் ஒப்பிட்டு, பலன் தெரிந்தால் மட்டும் விரிவாக்கலாம்.