மனக்காயத்துக்கும் வருமான வரியா?

அமெரிக்க விமானப்படையின் தேசியக் காவல் தளம் ஒன்றில் சுற்றுச்சூழல் கேடு நடப்பதாகப் புகார் செய்தார் ஒரு பெண். அதற்காகவே வேலையில் பழிவாங்கப்பட்டார். தொழிலாளர் துறையிடம் முறையிட்டு ஜெயித்தார். மன உளைச்சலுக்கும் கெட்ட பெயருக்கும் சேர்த்து 70,000 டாலர் நஷ்ட ஈடு கிடைத்தது. அதற்கு வரி மட்டும் 20,665 டாலர்!

காரணம், 1996-ல் வரிச்சட்டத்தில் நுழைத்த 'உடல்' என்ற ஒரு வார்த்தை. உடற்காயத்துக்கான ஈட்டுக்கே வரிவிலக்கு. இந்த வரி செல்லாது என்று 2006-ல் சொன்ன வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமே, 2007-ல் செல்லும் என்று மாற்றிச் சொன்னது.

இழந்த சம்பளத்துக்கு வரி கேட்பது சரி. வேலையில் இருந்திருந்தாலும் கட்டியிருப்பார். இழந்த நிம்மதிக்கு ஈடாக வந்த பணம் எப்படி வருமானமாகும்? கையை உடைத்தால் விலக்கு, மனதை உடைத்தால் வரி என்றால் நாளைக்கு யார் துணிந்து புகார் செய்வார்கள்? அந்த ஒரு வார்த்தையை நீக்குவதே நியாயம்.